பூந்தமல்லியில் ஐந்து நிமிடம் சத்தத்தை நிறுத்திய கதை

1. மூன்று மைக்

முதல் நாளே அந்த அம்மாவின் மைக்கை மூன்று தடவை மாற்றினேன். மைக்கில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என்னிடம்தான் இருந்தது என்று புரிய இன்னும் இரண்டு நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன.

சவுண்டு வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் மிக்சரைப் பற்றிக் கேட்கிறார்கள். ஸ்பீக்கர் பாக்ஸ் எத்தனை வாட்ஸ், எந்த மைக் கூவாது, எந்த கேபிள் நீடித்து வரும் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும், அதெல்லாம் ஒரு மாதத்தில் தானாக வந்துவிடும். நான் பூந்தமல்லியில் முப்பத்தோரு வருஷமாக மைக்செட் வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, தர்கா சந்தனக்கூடு, கடை திறப்பு எல்லாம் பார்த்தாயிற்று. என் பெயர் காதர் என்பது ரேஷன் கடைக்குத்தான் தெரியும். ஊருக்கு நான் மைக்செட் பாய். இந்த முப்பத்தோரு வருஷத்தில் யாரும் சொல்லித்தராத ஒரு விஷயம் ஐரோப்பியக் கவிஞர் ஒருவர் புண்ணியத்தில் எனக்குத் தெரியவந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

இதற்கெல்லாம் காரணம் வித்யா. சேக்காட்டுப் பெண். அவளுடைய காதுகுத்துக்கே நான்தான் மைக்செட். அன்றைக்கு அவள் போட்ட கூச்சல் மைக் இல்லாமலே ஆவடி ஸ்டேஷன் வரை கேட்டது. படித்து முடித்து, சென்னையில் ஒரு ஐரோப்பியக் கலாச்சார மையத்தில் நிகழ்ச்சி ஏற்பாடு செய்யும் வேலையில் சேர்ந்தாள். எந்த நாட்டு மையம் என்று எழுத வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். அங்கே எழுத்தாளர்கள் வருவார்கள், பேசுவார்கள், படிப்பார்கள். எல்லாம் நகரத்துக்குள் இருக்கும் ஏசி ஹாலில் நடக்கும். அதே நாற்பது பேர் வந்து அதே நாற்காலியில் உட்காருவார்கள்.

வித்யா சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கும் இதெல்லாம் கேட்கக் காது இருக்கிறது என்று மையத்து டைரக்டரிடம் மல்லுக்கட்டினாள். டைரக்டர் வெளிநாட்டுக்காரர், நல்ல உயரம். யோசித்துவிட்டு, மூன்று நிகழ்ச்சிக்கு அனுமதி கொடுத்தார். மூன்றும் சரியாக நடந்தால் புறநகர் நிகழ்ச்சி தொடரும், வித்யாவின் வேலையும் நிரந்தரமாகும். சரியாக நடக்காவிட்டால் இரண்டும் இல்லை.

“மாமா, சவுண்டு நீங்கதான். சொதப்பிடாதீங்க” என்றாள்.

“முதலமைச்சர் பேசின மேடைக்கே மைக் வெச்சவன் நான். ஒரு எழுத்தாளருக்கு வெக்க மாட்டனா?” என்றேன். இது முழு உண்மை இல்லை. அன்றைக்கு மேடைக்கு வேறு ஆள் மைக் வைத்தார், நான் தெருக்கோடியில் குழாய் ஸ்பீக்கர் கட்டினேன்.

முதல் நிகழ்ச்சி அம்பத்தூரில், ஒரு கல்யாண மண்டபத்தில். பேச வந்தவர் ஒரு பேராசிரியை. அவர்கள் ஊர் நாவல்களைப் பற்றிப் பேச்சு. ஒரு வரி சொல்வார், நிறுத்துவார், கூரையைப் பார்ப்பார், பிறகுதான் அடுத்த வரி வரும்.

இங்கே எங்கள் தொழிலில் ஒரு வியாதியைச் சொல்ல வேண்டும். மேடையில் சத்தம் நின்றால் கூட்டம் மேடையைப் பார்க்காது. எல்லாத் தலையும் பின்னால் திரும்பி மைக்செட்காரனைப் பார்க்கும். பேச்சாளர் மறந்து போயிருப்பார், தண்ணீர் குடிப்பார், அழுதுகொண்டுகூட இருப்பார். ஆனால் குற்றவாளி நான்தான். அந்தப் பார்வைக்குப் பயந்தே வாழ்ந்தவன் நான். சத்தம் நின்ற மூன்றாவது விநாடி என் கை தானாக ஏதாவது செய்யும்.

அந்த அம்மா முதல் தடவை நிறுத்தியபோது கெயினை, அதாவது மைக் சத்தத்தை இழுக்கும் அளவை, ஏற்றினேன். மைக் கூவியது. இரண்டாம் தடவை நிறுத்தியபோது ஓடிப்போய் மைக்கைத் தட்டிப் பார்த்து வேறொன்று வைத்தேன். அடுத்து ஒரு கார்ட்லெஸ் கொடுத்தேன். அதிலும் அவர் நிறுத்தி நிறுத்தியே பேசியதால், காலர் மைக்கைக் கொண்டுபோய் அவர் சட்டையில் மாட்டிவிட்டு, “இப்ப பேசுங்க மேடம், இது நல்ல மைக்கு” என்றேன். பிறகு அந்த அம்மா, நாவலில் ஒரு கிழவர் சாகும் கட்டத்தைப் படிக்க ஆரம்பித்தார். குரல் ரொம்ப மெலிந்து இருந்தது. கம்பீரமாக இருக்கட்டும் என்று எக்கோ போட்டேன். கிழவர் சாகிற வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையையும் மூன்று மூன்று தடவை சொல்லிச் செத்தார்.

வந்திருந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர். அதில் ஒருவர் மண்டபத்து வாட்ச்மேன், ஒருவர் சமையல்காரர். முடிந்ததும் பேராசிரியை என்னைக் காட்டி வித்யாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார்.

“என்னம்மா கேட்டாங்க?”

“நீங்களும் நிகழ்ச்சியில ஒரு பாத்திரமான்னு கேட்டாங்க மாமா” என்றாள் வித்யா. அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு ரோஷம்தான் வந்தது, வெட்கம் வரவில்லை. மூன்று மைக் கொடுத்தும் பேசத் தெரியவில்லை என்றால் நான் என்ன செய்வது என்று முணுமுணுத்துக்கொண்டே கேபிளைச் சுற்றினேன்.

2. பி பிளாக் தண்ணீர்

இரண்டாவது நிகழ்ச்சி சேக்காட்டில், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஹாலில். இந்த முறை கூட்டத்துக்குப் பஞ்சம் இல்லை. எழுபது பேருக்கு மேல் வந்து, நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். வித்யாவின் முகம் மலர்ந்துவிட்டது. ஏன் இத்தனை பேர் என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

வந்தவர் ஒரு நாவலாசிரியர். அவர் ஊரில் வற்றிப்போன ஆறு ஒன்றைப் பற்றிய நாவல். நாற்பது நிமிடம் படித்தார், வித்யா பத்தி பத்தியாகத் தமிழில் சொன்னாள். கூட்டம் மூச்சு விடாமல் கேட்டது. சிலர் குறிப்புக்கூட எடுத்தார்கள். நானும் கையைக் கட்டிப்போட்டு உட்கார்ந்திருந்தேன். கேள்வி நேரம் வந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் முதலில் எழுந்தார்.

“சார், நல்லா சொன்னீங்க. எங்க பி பிளாக்குக்குக் காலைல ஏழு மணிக்கு மேல தண்ணி ஏற மாட்டேங்குது. மோட்டார மாத்தணுமா, பைப்ப மாத்தணுமா? உங்க அபிப்ராயம் வேணும்.”

அன்றைக்கு அங்கே பொதுக்குழுக் கூட்டமும் இருந்திருக்கிறது. இரண்டையும் ஒரே நோட்டீஸில் ஒட்டிவிட்டார்கள். தண்ணீர்ப் பிரச்சினைக்காகச் சங்கம் வெளிநாட்டிலிருந்து நிபுணரை வரவழைத்திருக்கிறது என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள்.

நாவலாசிரியர் நல்ல மனுஷன். வித்யா மொழிபெயர்த்ததும் சிரிக்காமல் யோசித்து, சின்ன வயதில் அவர் வீட்டில் கிணறு இருந்ததாகவும், காலையில் சீக்கிரம் எழுந்தவருக்குத்தான் தெளிந்த தண்ணீர் கிடைத்ததாகவும் சொன்னார். செயலாளர் அதை மினிட்ஸில் எழுதிக்கொண்டார். ஏ பிளாக்குக்காரர் ஒருவர் எழுந்து, அப்படியென்றால் தவறு பி பிளாக் மேல்தான் என்று வாதாட, சண்டை வந்துவிட்டது. கடைசியில் நாவலாசிரியர் கையில் ஐம்பது பேர் கையெழுத்திட்ட மனுவைக் கொடுத்து அனுப்பினார்கள்.

இதை யாரோ போனில் எடுத்து டைரக்டருக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வித்யா எனக்குப் போன் செய்தாள்.

“மூணாவது பூந்தமல்லில. டைரக்டரே நேர்ல வராராம். அன்னைக்காவது இலக்கியம் நடக்கணும், தண்ணி சப்ளை நடக்கக் கூடாதுன்னுட்டாரு. இதுதான் கடைசி மாமா.”

அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

3. மைக் இருக்கும், பேச்சு இருக்காது

மூன்றாவதாக வந்தவர் யோனாஸ் என்ற கவிஞர். ஐம்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள், கழுத்தில் ஒரு மப்ளர். நம்ம ஊர் வெயிலில் மப்ளர். நிகழ்ச்சிக்கு முதல் நாளே மண்டபத்துக்கு ஒத்திகை பார்க்க வந்துவிட்டார். மண்டபம் பூந்தமல்லி டிரங்க் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் மெட்ரோ வேலை, எதிர்ப்பக்கம் கடைகள், அதற்குப் பின்னால் இன்னொரு மண்டபம்.

அவருக்கு என்ன வேண்டும் என்று வித்யா மூலமாகக் கேட்டேன். ஆறு கவிதை படிப்பாராம். ஏழாவது கவிதைக்கு மைக் முன்னால் ஐந்து நிமிடம் நிற்பாராம்.

“நின்னு?”

“நிப்பாரு, அவ்ளோதான். ஒண்ணும் பேச மாட்டாரு. அதுதான் கவிதை. பேரு பனி. அவங்க ஊர்ல பனி பெய்யறப்போ ஒரு சத்தமும் இருக்காதாம்.”

“அப்ப மைக்க ஆஃப் பண்ணிடட்டா?”

வித்யா கேட்டுச் சொன்னாள். மைக் ஆனில்தான் இருக்க வேண்டும். அதுவும் அவர் மூச்சு விடுவது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். இந்தத் தொழிலில் என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். ஒரு மாப்பிள்ளை தாலி கட்டும்போது புல்லட் பைக் சத்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். ஆனால் ஐந்து நிமிடம் மௌனத்தைப் பெரிதாக்கிக் கொடு என்று யாரும் கேட்டதில்லை.

சரி, பார்ப்போம் என்று கெயினை ஏற்றினேன். மூச்சு கேட்க வேண்டும் என்றால் கெயின் உச்சிக்குப் போக வேண்டும். கெயின் உச்சிக்குப் போனால் ரோட்டில் நடப்பதெல்லாம் மேடைக்கு வந்துவிடும். யோனாஸ் கண்ணை மூடி நின்றார். பாக்ஸிலிருந்து முதலில் ஒரு பஸ் ஹாரன் வந்தது. பிறகு ஜவுளிக்கடை அறிவிப்பு, “வாங்கம்மா வாங்க, ரெண்டு எடுத்தா ஒண்ணு இலவசம்.” பிறகு பாத்திர வியாபார ஆட்டோ. பிறகு எங்கிருந்தோ ஒரு குத்துப்பாட்டு. யோனாஸ் கண்ணைத் திறந்து மெதுவாக மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வித்யா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒரே மாதிரி தரையைப் பார்த்தார்கள்.

நான் விசாரணையில் இறங்கினேன். மாப்பிள்ளை ரூமிலும் பெண் வீட்டார் ரூமிலும் இருந்த மெத்தைகளையெல்லாம் எடுத்து ரோட்டுப் பக்கத்து ஜன்னல்களில் கட்டினேன். பஸ் சத்தம் பாதி அடங்கியது. மெட்ரோ ஆட்கள் மாலை ஏழு மணிக்கு மெஷினை நிறுத்தி டீக்குப் போவார்கள் என்று தெரிந்தது. ஆகவே ஏழாவது கவிதை ஏழு மணிக்கு என்று வைத்தோம். மிச்சம் இருந்தது மைக்செட்டுகள்தான். மறுநாள் மாலை எதிர் மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா, முக்கில் ஒரு கட்சியின் தெருமுனைக் கூட்டம், ஜவுளிக்கடை, ஆட்டோ. நாலுமே எங்கள் மைக்செட்காரர் சங்கத்து ஆட்கள் கட்டிய செட்.

போய்க் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு மைக்செட்காரன் இன்னொரு மைக்செட்காரனிடம் போய், உன் பாட்டை நிறுத்து, என் ஆள் பேசாமல் நிற்கப் போகிறார் என்று எந்த வாயால் கேட்பது?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் சாவு என்றால் பிணம் எடுக்கும் நேரத்தில் அந்த வட்டாரத்தில் எந்தப் பாட்டும் ஓடாது. சங்கத்துச் செயலாளருக்கு ஒரு போன் செய்தால் போதும். யார், என்ன ஜாதி, எந்த மதம் என்று எதுவும் கேட்கமாட்டார். நேரத்தை மட்டும்தான் கேட்பார். சொன்ன நேரத்துக்கு எல்லா செட்டும் நிற்கும். கல்யாணமாக இருந்தாலும் நிற்கும், அமைச்சர் பேசினாலும் நிற்கும். நிறுத்தாதவனுக்குச் சங்கத்தில் இடம் கிடையாது. அந்த வழக்கத்தில் பொய் சொன்னவன் என்று எங்கள் சங்க வரலாற்றில் யாரும் இல்லை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்குச் செயலாளர் தணிகாசலத்துக்குப் போன் போட்டேன்.

“தணிகா, காதர் பேசறேன். நம்ம ரோட்டுல ஒரு சாவு கீது.”

“எத்தினி மணிக்கு எடுக்கறாங்க?”

“ஏழு. அஞ்சு நிமிசம் போதும்.”

“சரி, சொல்லிடறேன். நம்ம சைடா பாய்?”

நம்ம சைடு என்றால் தொழிலோடு தொடர்பு உள்ளவரா என்று அர்த்தம், செட்டை நிறுத்துவதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இல்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்க வேண்டும். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத வாய், தேவைக்கு மேல் பேசிவிட்டது.

“வெளிநாட்டு ஆளு. நம்ம மைக்ல பேச வந்தவரு. மண்டபத்துலயே.”

“அடப் பாவமே” என்றார் தணிகாசலம். “எங்கியோ பொறந்து, பூந்தமல்லிக்கு வந்து போய்ச் சேந்துகீறாரு பாரு.”

மாலை அஸர் தொழுகைக்குப் போனபோது துஆவில் அந்தப் பொய்க்கு மன்னிப்புக் கேட்டேன். கையோடு அது பலிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். பாதியில்தான் நான் கேட்பதன் விபரீதம் உறைத்தது. உடனே, பலிப்பது என்றால் பாட்டு நிற்பது மட்டும்தான், அந்த மனுஷன் உயிரோடு நன்றாக இருக்கட்டும் என்று திருத்திக் கேட்டேன்.

4. ஏழு மணி

நூறு பேர் வந்திருந்தார்கள். பள்ளி ஆசிரியர்கள், நூலக வாசகர்கள், கல்லூரிப் பிள்ளைகள். சேக்காட்டு சங்கச் செயலாளரும் வந்திருந்தார். கையில் புதிதாக ஒரு மனு. பி பிளாக்குக்கு இன்னும் தண்ணீர் ஏறவில்லையாம். முதல் வரிசையில் டைரக்டர். ஆறு கவிதைகளும் நடந்தன, வெளியே இருந்த சத்தத்தில் யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. டைரக்டர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். வித்யா மேடையோரம் துப்பட்டாவைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

ஏழு மணிக்கு யோனாஸ் மைக் முன்னால் வந்து கண்ணை மூடினார். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் கூட்டும் ஃபேடரை ஏற்றினேன்.

முக்கில் கட்சித் தலைவர், “நான் அவர்களுக்குச் சொல்லிக்கொள்ள விரும்பு” என்று வந்தவர் அப்படியே அறுந்தார். ஜவுளிக்கடை, “ரெண்டு எடுத்தா” என்பதோடு நின்றது. எதிர் மண்டபத்துக் குத்துப்பாட்டு நின்றது. ஆட்டோ நின்றது. மெட்ரோ மெஷின் ஓய்ந்தது.

பிறகு ஒரு மூச்சு கேட்டது. யோனாஸின் மூச்சு, என் பாக்ஸிலிருந்து. அதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் வளையல், அதற்கும் பின்னால் ஃபேனின் சின்ன முனகல். முப்பத்தோரு வருஷத்தில் என் செட்டிலிருந்து இப்படி ஒன்று வந்ததில்லை. மூன்றாவது விநாடி வந்தது, பத்தாவது விநாடி வந்தது, ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இரண்டாவது நிமிடம் எல்லாத் தலையும் திரும்பியது. என் பக்கம் அல்ல, வாசல் பக்கம்.

பதினாலு பேர் உள்ளே வந்தார்கள். எல்லாரும் வெள்ளைச் சட்டை. செருப்பை வெளியே விட்டிருந்தார்கள். முன்னால் தணிகாசலம், கையில் ஆளுயர ரோஜா மாலை. நம்ம மைக்கில் பேச வந்தவரும் நம்ம சைடுதான், நம்ம சைடு ஆள் செத்தால் சங்கம் மாலை போட வேண்டும் என்பது விதி. அதை நான் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

சாவு வீட்டில் எப்படி நடப்பார்களோ அப்படி, சத்தமே இல்லாமல் நடந்து வந்தார்கள். பிணத்தைத் தேடினார்கள். மண்டபத்தில் வெளிநாட்டுக்காரர்கள் இரண்டே பேர். ஒருவர் முதல் வரிசையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தார். இன்னொருவர் மேடையில் கண்ணை மூடி அசையாமல் நின்றார். தணிகாசலம் என்னைப் பார்த்தார். மைக் உச்சியில் திறந்திருக்கிறது, நான் என்ன சொல்ல முடியும்? கையை மட்டும் விரித்தேன். அதை அவர், மேலே போங்கள் என்று எடுத்துக்கொண்டார்.

மாலையைத் திருப்பிக் கொண்டுபோவது எங்கள் பக்கம் கிடையாது. தணிகாசலம் மேடை ஏறினார். நிற்கிற பிணத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். வெளிநாட்டில் நிற்க வைத்துத்தான் எடுப்பார்கள்போலும் என்று நினைத்திருக்க வேண்டும். மாலையை யோனாஸின் காலடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்த பூவை வைத்தார்கள், கும்பிட்டார்கள், சுற்றி இறங்கினார்கள். ஜெனரேட்டர் முனுசாமி கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு விசும்பினார். அவர் எந்தச் சாவுக்கும் அழுவார். அந்த விசும்பல் மைக்கில் ஏறி மண்டபம் முழுக்கக் கேட்டது.

நம்ம ஜனங்களைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வரிசை ஒன்று நகர்ந்தால் அதில் சேர்ந்துகொள்வார்கள். முதலில் ஒரு ஆசிரியை எழுந்து, மேடை அலங்காரத்திலிருந்து இரண்டு சாமந்தியைப் பிய்த்துக்கொண்டு வரிசையில் நின்றார். அடுத்து கல்லூரிப் பிள்ளைகள். அடுத்து மொத்த மண்டபமும். சேக்காட்டுச் செயலாளர் பூ கிடைக்காமல் மனுவைக் காலடியில் வைத்தார். கடைசியாக டைரக்டரும் எழுந்து, நம்ம ஆட்கள் மாதிரியே கையைக் கட்டிக்கொண்டு, தலை குனிந்து வரிசையில் வந்தார். ஒரு வார்த்தை இல்லை. வித்யா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

ஐந்து நிமிடம் முடிந்தது. யோனாஸ் கண்ணைத் திறந்தார். முழங்கால் உயரத்துக்குப் பூ. முன்னால் நூறு பேர் கைகட்டி நிற்கிறார்கள். அவர் “நன்றி” என்று தமிழில் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

அதே விநாடி முக்கில் தலைவர், “கிறேன்” என்று முடித்தார். பாட்டு, புடவை, ஆட்டோ எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. எங்கள் ஆட்கள் நேரத்தில் கெட்டி.

5. தணிகாசலம் கேட்டது

தணிகாசலம் நேராக என் மிக்சருக்கு வந்தார்.

“இன்னா பாய் இது? பொணம் தேங்ஸ் சொல்லுது.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வித்யாவின் வேலை, டைரக்டர், பனி, மூச்சு, கெயின். சொல்லச் சொல்ல அவர் முகம் கறுத்தது.

“சாவை வெச்சிப் பொய் சொல்லிக்கிற. நாளைக்கி நெசமா ஒருத்தன் ஊட்ல சாவுன்னு போன் வந்தா, எவன் நிறுத்துவான்? நெசமா பொய்யான்னு யோசிக்க மாட்டான்? இத்தினி வருசமா எவனும் கேள்வி கேட்டதில்ல பாய். நீ கேக்க வெச்சிட்ட.”

தலை குனிந்து நின்றேன். சங்கத்திலிருந்து நீக்கினாலும் அது நியாயம்தான் என்று தோன்றியது.

அப்போது யோனாஸ் வந்தார், கூடவே வித்யா. அவர் அந்த ஆளுயர மாலையை இரண்டு கையிலும் குழந்தை மாதிரி ஏந்தியிருந்தார். தணிகாசலத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். வித்யா அவரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொண்டாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“இவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்கறாரு. யார்கிட்டயும் சொல்லலையாம். போன குளிர்காலத்துல அவங்கம்மா இறந்துட்டாங்க. கடைசி அஞ்சு நிமிஷம் இவர்தான் பக்கத்துல இருந்தாராம். வெளிய பனி பெஞ்சிட்டு இருந்துதாம். அதுதானாம் அந்தக் கவிதை. எடுக்கறப்போ நாலு பேர்தான் இருந்தாங்களாம்.”

வெளியே புடவை விற்பனை ஓடிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் மாலையில் கலைந்திருந்த ஒரு ரோஜாவைச் சரிசெய்தார். “எத்தினி மணிக்குப் போச்சாம், அம்மா?” என்று கேட்டார்.

சாயந்திரம் ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்று பதில் வந்தது. தணிகாசலம் தலையாட்டினார். என் பக்கம் திரும்பினார்.

“அப்ப சாவுதான். மினிட்ஸ்ல எழுதிடலாம்” என்றார். இரண்டு அடி போனவர் நின்று திரும்பினார். “ஆனா ஒண்ணு பாய். ஒரு தபா கேட்டுப் பாத்தியா? அஞ்சு நிமிசம் நிறுத்துடான்னா நிறுத்த மாட்டனா? எல்லா மைக்கையும் நிறுத்திப்போட்டு ஒரு மனுசன் மூச்சு உடறத நான் இன்னிக்கித்தான் கேட்டேன். எனக்கு மட்டும் புடிக்காதா?”

அவர் திட்டியபோது வராத வெட்கம் அப்போதுதான் வந்தது.

சங்கத்து லெட்டர் பேடில் யோனாஸின் அம்மாவுக்கு இரங்கல் தீர்மானம் எழுதி, பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்பினோம். யோனாஸ் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அம்மா இறந்த அறையின் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். வித்யா போட்டோ காட்டினாள். சேக்காட்டு மனுவையும் பத்திரமாக வைத்திருப்பதாகவும், பி பிளாக்கைப் பற்றி அடிக்கடி நினைப்பதாகவும் எழுதியிருந்தாராம்.

வித்யாவுக்கு வேலை நிரந்தரமாயிற்று. புறநகர் நிகழ்ச்சியும் தொடர்கிறது. ஒரே தொந்தரவு, டைரக்டர் அந்த ஊர்வலத்தை மேற்குச் சென்னையின் பழைய வழக்கம், எழுத்தாளருக்கு மக்கள் செய்யும் மௌன மரியாதை என்று மையத்துப் புத்தகத்தில் அச்சடித்துவிட்டார். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அது இருந்தே ஆக வேண்டும் என்கிறார். உண்மையைச் சொல்ல வித்யாவுக்கும் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை.

ஆகவே அடுத்த எழுத்தாளர் குத்தம்பாக்கத்துக்கு வந்தபோது மறுபடி தணிகாசலத்துக்குப் போன் போட்டேன்.

“தணிகா, சாவெல்லாம் ஒண்ணும் இல்ல. எல்லாரும் உயிரோடதான் கீறாங்க. ஒரு அம்மா வந்துகீது, கதை படிக்கும். நடுவுல கொஞ்ச நேரம் சும்மா நிக்குமாம். நம்மாளுங்க வந்து பூ வெக்கணும், அந்தப் பக்கம் செட்டெல்லாம் நிறுத்தணும். நிறுத்துவீங்களா?”

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். கெயின், ஃபேடர் எல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம். வேண்டியதை முதலில் வாய் திறந்து கேளுங்கள். நான் முப்பத்தோரு வருஷம் கேட்காமலே இருந்துவிட்டேன்.

தணிகாசலம் அந்த அம்மா யார் என்று கேட்கவில்லை. என்ன கதை, எதற்காக நிற்கிறார் என்றும் கேட்கவில்லை.

“எத்தினி மணிக்கு?” என்றார்.